டீக்கடைக் கணக்கை விட்டுவிட்டீர்களே

கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியர் ஃபிராங்க் லேண்ட் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் 1967-ல் அவர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்ததிலிருந்துதான் தொடங்குகிறீர்கள். அதற்கு முந்தைய 15 வருஷம்தானே சுவாரசியமே! பெர்லினில் பிறந்து, 1939-ல் அகதியாக பிரிட்டன் வந்தவர். 1952-ல் லயன்ஸ் கம்பெனியில் கிளார்க். கேக்கும் டீயும் விற்ற கம்பெனிதான். ஆனால் லியோ என்று சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி வைத்திருந்தது. லயன்ஸின் டீக்கடைகளை நடத்திய பெண்கள் தினமும் முழு ஆர்டரையும் ஒப்பிக்க வேண்டாம். வழக்கமான ஆர்டரில் என்ன மாற்றமோ, அதை மட்டும் போனில் சொல்வார்கள். கம்பெனியில் இருப்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே, லியோ படிப்பதற்கான கார்டில் துளை போடுவார்கள். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான், பேராசிரியரான பிறகும் மெஷினைவிட அதைப் பயன்படுத்தும் ஆட்களைப் பற்றி அவ்வளவு யோசித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.