சிரித்தவர்கள் யாரும் அந்தச் சார்ட்டைப் படிக்கவில்லை

சனிக்கிழமை முதல் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். புதுச்சேரியில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சி, சிறப்பு விருந்தினர், மனிதப் பரிணாமத்தைப் பற்றிச் சார்ட் வைத்திருந்த பத்தாம் வகுப்புப் பெண், அவளிடம் அவர் கேட்ட "உன் தாத்தா குரங்கா பாப்பா?" என்ற கேள்வி, அரங்கம் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் அந்தச் சார்ட் இருந்த இடத்தில் மழைநீர் சேகரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. இதற்குப் பிறகும் "பெரியவர் விளையாட்டாகக் கேட்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதியவர்களில் என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கேட்டது கேள்வியே இல்லை. கேள்வி கேட்டவர் பதிலுக்காக ஒரு நிமிடம் நிற்பார். அவர் நிற்கவில்லை. காணொளியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அந்தப் பெண் சொல்கிறாள்: "சார், இந்த இரண்டாவது குரோமோசோமைப் பாருங்கள், இந்த ஒட்டு எப்படி வந்தது?" அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற ஆசிரியை அவள் தோளைத் தொட்டு அடக்குகிறார். எனக்கு வயிறு எரிந்தது அந்த இடத்தில்தான்.

நான் காணொளியை நிறுத்தி நிறுத்தி அந்தச் சார்ட்டைப் படித்தேன். சிரித்தவர்கள் யாராவது படித்தார்களா? குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதனாக நடந்துவரும் அந்தப் பழைய வரிசைப் படத்தை அவள் வரையவில்லை. கிளைகளாகப் பிரியும் மரத்தை வரைந்திருந்தாள். ஒரு கிளை சிம்பன்சிக்கு, ஒரு கிளை நமக்கு, இரண்டும் பிரியும் கணுவில் "60 – 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்" என்று எழுதியிருந்தாள். சரியாக எழுதியிருந்தாள். குரங்கு நம் தாத்தா என்று அந்தச் சார்ட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. என் பெரியப்பா பேரனும் நானும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்தவர்கள் என்றால், அவன் எனக்குத் தாத்தா ஆகிவிடுவானா? "அப்படியானால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். பெரியப்பா வீடு இன்னும் இருக்கிறது என்பதால் எங்கள் வீடு இல்லை என்று ஆகிவிடாது.

அவள் கேட்ட ஒட்டு விஷயம் இதுதான். செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். நமக்கு அவை 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. உறவு என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? எங்கும் போகவில்லை. அவற்றில் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நம்மிடம் முனையோடு முனை சேர்ந்து ஒன்றாகிவிட்டன. அதுதான் நம் இரண்டாவது குரோமோசோம். குரோமோசோமின் முனையில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வரிசை அதன் நடுவில் கிடக்கிறது, தையல் தழும்பு போல. பதினைந்து வயதுப் பெண் இதைப் படித்து, புரிந்துகொண்டு, ஒரு பெரிய மனிதரிடம் கேட்டாள். பதிலாக அவளுக்குக் கிடைத்தது சிரிப்பு.

இப்போது "உனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, அதனால் பேசுகிறாய்" என்று ஆரம்பிப்பீர்கள். நான் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குச் சிறுவயதிலிருந்து போகிறவள். பிரதோஷத்துக்கு அங்கே என்னைப் பார்த்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே பலர் இருக்கிறார்கள். என் பக்தி யாருடைய குரோமோசோமையும் பார்த்து வந்ததில்லை. அதனால் குரோமோசோமைப் பார்த்துப் போகவும் போகாது.

சார்ட்டின் மூலையில் ஒரு புகைப்படமும் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரம். அதைப் பார்த்ததும் எங்கள் ஆயா நினைவுக்கு வந்தார். சிறுவயதில் பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைக் கும்பிட எங்களை அழைத்துப் போவார். வழியெல்லாம் கிடக்கும் அந்தக் கல் உருளைகளைக் காட்டி, அம்மன் வதம் செய்த அசுரனின் எலும்புகள் என்று சொல்வார். நாங்கள் பயந்துகொண்டே தொட்டுப் பார்ப்போம். என் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், திருநீறு பூசாமல் வீட்டை விட்டு இறங்காதவர். பழுப்பு நிலக்கரிக்குள் மரக்கட்டையின் உருவம் மாறாமல் கிடப்பதைத் தினமும் பார்த்த கண் அவருக்கு. ஒருமுறை அவரும் எங்களோடு வந்தார். உடைந்து கிடந்த ஓர் உருளையின் வெட்டுமுகத்தில் ஆயாவின் விரலைப் பிடித்து வைத்து, "அம்மா, வளையம் வளையமாக இருக்கிறது பாருங்கள், இது மரம்" என்றார். ஆயா தடவிப் பார்த்தார். "இது மரமாக நின்றபோது யார் பார்த்தது?" என்று கேட்டார். "பார்க்க அப்போது மனிதர்களே இல்லை அம்மா" என்றார் அப்பா. ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கோயிலுக்குள் போய் எப்போதும் போல விளக்கேற்றினார். அப்பா ஆயாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆயாவும் அப்பாவைப் பார்த்து "பெரிய படிப்புப் படித்துவிட்டான்" என்று சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவிக்கு இருந்த பெருந்தன்மை, மாலை போட்டு மேடையில் உட்கார வைக்கப்பட்டவருக்கு இல்லை.

அந்தக் கல்மரங்களுக்கு வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, மணலில் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் இறங்கி, மரம் கல்லானது. மழைக்காட்டு மரங்களின் உறவுகளெல்லாம் அவற்றில் இருக்கின்றன. 1780களிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே பூங்கா அமைத்தது. அந்த மரங்கள் கிடக்கும் பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் கடலூர் மணற்பாறை. நம் ஊர்ப் பெயர்! உலகம் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆயிற்று என்று நம்பும் ஒருவர், புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் அந்த மரத்தின் மேல் கை வைத்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

அந்தச் சிறப்பு விருந்தினர் எந்த மதம் என்று தோண்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை நிறுத்துங்கள். இந்தக் கேலி எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். 2017இல் துருக்கி அதைப் பள்ளிப் பாடத்திலிருந்து எடுத்தது. இங்கே 2018இல் ஒரு மத்திய இணை அமைச்சர், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்க்கவில்லை, ஆகவே டார்வின் தவறு என்றார். மறுபக்கம், போப் இரண்டாம் ஜான் பால் 1996இல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார். 1910 முதல் கடைசிவரை இதே புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் பரிணாமத்தை மறுக்கவில்லை. அதன் மேல்தான் தன் ஆன்மிகத்தையே கட்டினார். அவர் கட்டியதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகவில்லை.

"தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி என்று நம் முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள், டார்வின் என்ன புதிதாகச் சொன்னார்" என்று எனக்கு ஆதரவாக எழுதும் நண்பர்களே, உங்கள் ஆதரவு எனக்கு வேண்டாம். அவதாரக் கதையை அவதாரக் கதையாகவே கும்பிடுகிறேன். அதைக் குரோமோசோமுக்குச் சாட்சியாக இழுத்து வந்தால் சாமிக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் மரியாதை இல்லை. டார்வினை வைத்து வெள்ளைக்காரர்கள் இனவெறி வளர்த்தார்கள் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். வளர்த்தார்கள். அது அவர்கள் குற்றம். குரோமோசோமின் குற்றம் இல்லை.

என்னை உண்மையாகவே வாட்டுவது வேறு ஒரு வாதம். "பிஞ்சு மனத்தைக் குழப்பாதீர்கள், பெரிய வகுப்பில் படித்துக்கொள்வார்கள்." இதைத்தான் 2023இலும் சொன்னார்கள். மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுக்கும் பிள்ளை எப்போது படிக்கும்? அதே காலத்தில்தான் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நம் தமிழ்நாட்டுப் பாடத்திலிருந்து அந்தப் பாடத்திட்டத்துக்கு மாறின. பஸ் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்தால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" என்று தனிப் பாடம் இருக்கிறது, திருவக்கரையின் பெயரோடு. அந்தப் பக்கம் அதே வயதுப் பிள்ளைக்கு அது இல்லாமல் போனது. பாடத்தில் இல்லாததைத் தானாகத் தேடிப் படித்து வந்தவளைத்தான் நீங்கள் சிரித்து உட்கார வைத்தீர்கள்.

பாடம் இருக்கும் எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? வருடா வருடம் அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். அத்திரம்பாக்கத்தைச் சொல்வேன். கொற்றலை ஆற்றங்கரையில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு தோண்டி எடுத்த கற்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது. நம் மனித இனம் தோன்றியே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான். அப்படியானால் திருவள்ளூர் மாவட்டத்தில் உட்கார்ந்து அந்தக் கல்லைச் செதுக்கிய கை யாருடையது? இந்த இடத்தில் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அடுத்த மணியில் வேறொரு ஆசிரியர் அதே வகுப்புக்குள் நுழைந்து, "அதெல்லாம் பரீட்சைக்கு எழுதுங்கள், நம்பிவிடாதீர்கள்" என்கிறார். பிள்ளைகளே என்னிடம் வந்து சொன்னார்கள். ஒரு தந்தை பள்ளிக்கே வந்து, என் மகளுக்கு நாத்திகம் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். என் நெற்றியில் அன்றைக்கும் குங்குமம் இருந்தது. தலைமையாசிரியர் என்னைத்தான் கொஞ்சம் அடக்கிப் பேசச் சொன்னார். அன்று ஆசிரியர் அறையில் யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது "விளையாட்டாகக் கேட்டார்" என்று எழுதுபவர்களும் அந்த அறையில் இருந்தார்கள். காணொளியில் அந்தப் பெண் தலை குனிந்ததைப் பார்த்தபோது நான் யாரை நினைத்தேன் என்று அவர்களுக்குப் புரிந்தால் சரி.

பள்ளி நிர்வாகத்துக்குச் சொல்கிறேன். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். அந்தச் சார்ட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒட்டு எப்படி வந்தது என்பதை முழுவதும் சொல்லவிடுங்கள். மறுப்பவர்கள் நின்று கேட்டுவிட்டு மறுக்கட்டும். அந்தச் சிறப்பு விருந்தினரும் வரட்டும், நானும் வருகிறேன்.

பின்னூட்டத்தில் அந்தப் பெண்ணின் பெயரையோ படத்தையோ போடாதீர்கள். போட்டால் யாராக இருந்தாலும் நீக்கிவிடுவேன், உறவினர்களையும் சேர்த்து.