சிவப்பு எழுத்தில் என் பெயர்

நம் டீமில் யார் எவ்வளவு கிரெடிட் எடுத்தார் என்று போட்ட அந்தப் பட்டியலைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை மூன்றாவது ஆளும் இன்பாக்ஸுக்கு வந்து, "என்னாச்சு, மெஷினை நிறுத்திட்டீங்களா?" என்று துக்கம் விசாரிக்கிற தொனியில் கேட்டதும், சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரை இணையம் வழியாக ஆராய்ச்சித் திட்டங்களுக்குக் கணக்குப் போடக் கொடுக்கிறவர்கள் நாம். போட்ட கணக்குக்குத் திட்டம் தரும் புள்ளிதான் கிரெடிட். நிறுத்தவில்லை. ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. போன வருடம் ஓடிய அதே இரண்டு மெஷின்கள்தான் இந்த வருடமும் ஓடுகின்றன. நான் செய்தது ஒன்றே ஒன்று. கிராபிக்ஸ் கார்டை ஒரு திட்டத்திலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தேன். பழைய இடத்தில் கிரெடிட் கொட்டும், புதிய இடத்தில் சொட்டும். அதற்குத்தான் டீம் பட்டியலில் என் பெயருக்குச் சிவப்பு எழுத்து, பக்கத்தில் "சிலர் பெயருக்குத்தான் டீமில் இருக்கிறார்கள்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். தட்டியவர்களில் இரண்டு பேருக்கு பாய்ங்க்கை, அதாவது இந்தத் திட்டங்களின் வேலையை வாங்கி ஓட்டும் மென்பொருளை, நிறுவிக் கொடுத்ததே நான்தான், அது வேறு கதை.

ஒரு திட்டத்தின் கிரெடிட்டும் இன்னொரு திட்டத்தின் கிரெடிட்டும் ஒரே அளவு கிடையாது. கூட்டினால் ஒரு எண் வரும், மறுக்கவில்லை. உயரத்தையும் எடையையும் கூட்டினாலும்தான் ஒரு எண் வருகிறது.

ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கிரெடிட்டுக்கு ஒரு வரையறையே உண்டு. அதன் பெயர் காபிள்ஸ்டோன், வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டத்தில் வேலை பார்த்த ஜெஃப் காபின் பெயரை ஒட்டி வைத்தது. வெட்ஸ்டோன் என்ற வேகச் சோதனையில் நொடிக்கு 100 கோடி ஃப்ளோட்டிங் பாயிண்ட் (தசம எண்) கணக்குப் போடும் கம்ப்யூட்டர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 கிரெடிட். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வது அந்தந்தத் திட்டத்தின் சர்வர். ஒரு திட்டம் வொர்க் யூனிட்டுக்கு (ஒரு தடவை அனுப்பும் வேலைத் துண்டுக்கு) இவ்வளவு என்று நிலையாக வைத்திருக்கிறது, ஒன்று ஓடிய நேரத்தைப் பார்க்கிறது, இன்னொன்று ஆள் சேர வேண்டும் என்பதற்காகவே வாரி இறைக்கிறது. 2010-இல் எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர கிரெடிட்நியூ என்று ஒரு முறை வந்தது. பல திட்டங்கள் அதைத் தொடவே இல்லை. பாய்ங்க் வழியாக பிட்காயின் தோண்டிய பிட்காயின் யுட்டோபியா நினைவிருக்கிறதா? ஹாஷ் (பிட்காயின் தோண்டும் கணக்கு) போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத சிப்புகள், ஒரு ஃப்ளோட்டிங் பாயிண்ட் பெருக்கல்கூட அவற்றுக்கு வராது, ஆனால் பல வருடம் புரதமும் பல்சாரும் கணக்கிட்டவர்களைச் சில நாளில் தாண்டிப் போகும் அளவுக்குக் கிரெடிட் குவிந்தது.

அப்புறம், கிரெடிட் அதிகம் என்றால் "பெரிய மெஷின்" என்ற பேச்சு. எதற்குப் பெரிது? 2012-இல் வந்த ரேடியான் எச்டி 7970 என்ற கிராபிக்ஸ் கார்டு, டபுள் பிரிசிஷன் (கூடுதல் இலக்கத் துல்லியம் கேட்கும்) கணக்கில் 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். புதிய கார்டில் அந்த வேகத்தைச் சாதாரணக் கணக்கின் வேகத்தில் 64-இல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள், விளையாட்டுகளுக்கு அது தேவையில்லை என்பதால். நம் பால்வீதியை ஆராயும் மில்கிவே அட் ஹோம் திட்டம் கார்டுகளுக்கு வேலை கொடுத்த காலத்தில் டபுள் பிரிசிஷன்தான் கேட்டது, அதனால் குப்பைக்குப் போக வேண்டிய கார்டுகளைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே ராஜா, இங்கே கூஜா. மெஷின் அதேதான், கேட்கிற கணக்குதான் வேறு.

என் கதையையே சொல்கிறேனே. சில வருடம் முன்பு பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. எதையும் யோசிக்காமல், வேலை தடையில்லாமல் வரும் ஒரு திட்டத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனேன். அது வாரி இறைக்கும் ரகம் என்று அப்போது தெரியாது. திரும்பி வந்தால் டீமில் முதலிடம், "அசத்திட்டீங்க" என்று வாழ்த்து. அதற்கு முந்தைய மாதம் முழுக்க ஒரே ஒரு பருவநிலை மாடல் கணக்கை, வாரக்கணக்கில், நடுவில் கரண்ட் போனால் கெட்டுவிடுமோ என்று தூக்கத்தில் எழுந்து பார்த்துப் பார்த்து ஓட்டியிருந்தேன். அதற்கு ஒரு பொம்மை கூடக் கை தட்டவில்லை. மின் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

"போட்டி இருந்தால்தானே ஆள் வருவார்கள்?" இதைக் கேட்பீர்கள் என்று தெரியும், இது நியாயமான கேள்விதான். நானும் போட்டியால்தான் உள்ளே வந்தேன். 2004-இல் செட்டி பாய்ங்க்குக்கு மாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரரை முந்த வேண்டும் என்பதைத் தவிர வேற்றுக்கிரகவாசிகள் மேல் எனக்குத் தனி அக்கறை எதுவும் கிடையாது. போட்டி போடுங்கள். ஆனால் ஒரே திட்டத்துக்குள் போடுங்கள். ஐன்ஸ்டைன் அட் ஹோமில் யார் அதிகம் என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டி யார் அதிகம் என்றால், கிரெடிட்டை யார் சரியாக வேட்டையாடினார் என்பதற்குத்தான் பதில்.

"ஃபோல்டிங்கில் பாயிண்ட் ஒழுங்காகத்தானே இருக்கிறது?" ஃபோல்டிங் அட் ஹோம் என்ற புரதத் திட்டம் பாய்ங்க்கில் சேராதது, அதன் பாயிண்டும் தனிக் கணக்கு. அங்கே முடித்த வேலையிலிருந்துதான் அடுத்த வேலை பிறக்கிறது, அதனால் சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் போனஸ். இரண்டு மடங்கு வேகமான மெஷினுக்கு ஒரு நாளில் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 2.8 மடங்கு பாயிண்ட் போகும். அவர்கள் தேவைக்கு அது சரி. அதைத் தூக்கி வந்து என் காபிள்ஸ்டோனோடு கூட்டினால் எப்படிச் சரியாகும்? ஒரே அளவு கிடையாது, எத்தனை தடவை சொல்வது?

"அப்போ வேறு எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?" ஒப்பிடாதீர்கள்.

"இடம் போன எரிச்சலில் பேசுகிறாய்." ஆமாம், எரிச்சல்தான். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

பங்கு பிரிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாய்ங்க்கில் ரிசோர்ஸ் ஷேர் என்று, மெஷினின் நேரத்தில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் எண் ஒன்று இருப்பது எதற்கு? எல்லாத் திட்டத்துக்கும் முதலில் 100. இரண்டு திட்டம் ஓடும்போது ஒன்றுக்கு 300 என்று மாற்றினால் முக்கால் பங்கு அதற்கு, கால் பங்கு மற்றதற்கு. 0 என்று வைத்தால் மற்ற இடத்தில் வேலை தீர்ந்தால் மட்டும் அதைத் தொடும். இந்தப் பங்கைக் கணக்கிடும்போது திட்டங்கள் வாரி வழங்கும் கிரெடிட்டை அந்த மென்பொருளே நம்புவதில்லை. எந்தச் சிப் எவ்வளவு நேரம் ஓடியது என்று தானே மதிப்பிட்டுக்கொள்கிறது. மென்பொருளுக்கு இருக்கிற விவரம்கூட நம் பட்டியலுக்கு இல்லை.

அந்த எண்ணை யார் வைக்க வேண்டும்? மெஷின் வைத்திருப்பவர். டீம் அல்ல. "எல்லோரும் இந்த மாதம் இதற்கு மாறினால் நாம் பத்து இடம் ஏறலாம்" என்று சொல்லலாம், மாறுகிறவர் மாறட்டும், மாறாதவருக்குச் சிவப்பு மை எதற்கு? 31 மார்ச் 2020 அன்று செட்டி புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. கடைசி யூனிட் என் பழைய லேப்டாப்பில் ஓடி முடிவதை நான் உட்கார்ந்து பார்த்தேன். இருபது சதவீதம், நாற்பது, அறுபது. யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கணக்கில் இருக்கும் எண் இனி ஒரு புள்ளிகூட ஏறாது. அப்படியானால் அந்த வருடங்களும் இப்போது சிவப்பா? அதே லேப்டாப்பைத்தான் அன்று ஒருவர் "அருங்காட்சியகம்" என்று எழுதினார். அது இன்னும் ஓடுகிறது ஐயா, விசிறிச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது, ஒரு யூனிட்டுக்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்கிறது, ஆனால் தப்பான விடை கொடுத்ததில்லை.

என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை, இருக்கட்டும். கார்டையும் திருப்பி மாற்றப்போவதில்லை.

ஆனால் மூன்றாம் இடத்தில் இருக்கும் நண்பரின் எண்ணை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நல்ல மனிதர். அவர் ஓட்டுவது வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற பாய்ங்க் திட்டம் மட்டும்தான். நீங்கள் எண்ணை எடுத்திருப்பது அவர்களுடைய சொந்தப் பக்கத்திலிருந்து. அங்கே ஒரு பாய்ங்க் கிரெடிட்டை ஏழு பாயிண்டாகக் காட்டுவார்கள். மற்ற எல்லோருக்கும் கிரெடிட், அவருக்கு மட்டும் பாயிண்ட். ஏழால் வகுத்துவிட்டு மறுபடி வரிசைப்படுத்திப் பாருங்கள். சிவப்பு மை இன்னும் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.