ஒரு வாரத்துல பழகிடுமாம்!

இன்னையோட பத்தொன்பது நாள். எங்க வீட்டுப் பூனை பீரோ மேல குடித்தனம் நடத்துது. ஆறு வருஷமா இந்த வீட்டை ஆண்ட மகராசி, இப்ப டபரா தண்ணிக்கு நான் ஸ்டூல் போட்டு ஏறி வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கா.

எல்லாம் என் கொழுந்தனால வந்தது. வெளியூர்ல வேலை கிடைச்சதும், ரெண்டு வயசு சிப்பிப்பாறை நாயைக் கொண்டாந்து எங்க வாசல்ல கட்டிட்டு, "மதினி, பச்சப்புள்ள மாதிரி. பூனையோட ஒரு வாரத்துல பழகிடும்"னுட்டுப் பஸ் ஏறிட்டாரு. விருதுநகர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையா முயல் விரட்டுறதுக்குன்னே வளர்த்த ஜாதிங்க அது! குட்டியா ஒண்ணு குறுக்க ஓடுனா அதுக்கு யோசனை வர்றதுக்கு முன்னாடி கால் போயிடும். நாய் மேல எனக்குக் கோபமே இல்ல. மனுசங்க மேலதான்.

முதல் நாளே எங்க வீட்டுக்காரர் பூனையைத் தூக்கிட்டுப் போய் நாய் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு, "பாருடா, ஃப்ரெண்டு"ன்னு. நாய் குரைக்கல. வாயை இறுக்க மூடி, வாலை விறைச்சு, கண்ணு இமைக்காம பாக்குது. "எவ்ளோ அமைதியா இருக்கு பாத்தியா"ங்கிறாரு. அமைதியாம்! பாயறதுக்கு முன்னாடி நிக்கிற நிலை அது. அடுத்த நொடி பூனை அவர் கையைக் கிழிச்சுட்டுத் தாவுச்சு, நாய் அது பின்னங்காலைக் கவ்விடுச்சு.

முடிக்குள்ள பாத்தா ரெண்டே ரெண்டு சின்ன ஓட்டை. "ஒண்ணுமில்ல, ஆறிடும்"னாங்க. மேல மூடிக்கிட்டு உள்ள சீழ் வச்சு, நாலாம் நாள் எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீங்கிடுச்சு. பூனை கீறினதுக்கு எங்க வீட்டுக்காரருக்கு அரசு ஆஸ்பத்திரில ரேபிஸ் ஊசி: கீறின அன்னைக்கே ஒண்ணு, அப்புறம் 3, 7, 28ஆம் நாள். நல்லா போட்டுக்கட்டும்.

அதுக்கப்புறம் வந்தாங்க பாருங்க அறிவுரை சொல்ல. "ரெண்டு சாத்து சாத்து, அடங்கிடும்." உறுமுறப்ப அடிச்சா உறுமறதை நிறுத்தும், கடிக்கிறதை நிறுத்தாது. ஒரே ஹாரனையும் புடுங்கிப் போட்டுட்டு வண்டி ஓட்டச் சொல்றாங்க. இன்னொருத்தங்க, "ரெண்டையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டு, அதுங்களே தீர்த்துக்கும்." ஆமா, தீர்த்துக்கட்டும்!

கால்நடை டாக்டர் சொன்ன மாதிரி ஒரு வாரமா ஒழுங்கா ஆரம்பிச்சேன். பூனை படுத்த துணி நாய்க்கிட்ட, நாய் துணி பூனைக்கிட்ட. நடுவுல கம்பிக்கதவு, நாய் கழுத்துல கயிறு, பீரோ தூரத்துல. பூனையைப் பாத்துட்டு நான் கூப்பிட்டதும் என் பக்கம் திரும்பினா அவிச்ச கோழித்துண்டு ஒண்ணு. நேத்து மூணு தடவை திரும்புச்சுங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சாயங்காலம் பூனையைக் கீழ இறக்கி மடில வச்சிருக்கேன், மாமா வந்து, "பாவம் வாயில்லா ஜீவன், எவ்ளோ நேரம்தான் அடைச்சு வைப்பே"ன்னு கம்பிக்கதவைத் திறந்து விட்டுட்டாரு! கதவுல 'திறக்காதீங்க'ன்னு கொட்டை எழுத்துல ஒட்டியிருந்த பேப்பர் காத்துல ஆடுது. பூனை பழையபடி பீரோ மேல. என் தொடையில நாலு நகக்கீறல்.

ராத்திரி கொழுந்தன் வீடியோ கால்ல வந்தாரு. "என்ன மதினி, பழகிடுச்சா?" நான் ஒண்ணும் பேசல. ஸ்டூல் மேல ஏறி போனை பீரோ பக்கம் காட்டினேன்.