மூன்று மாதத்தில் பிரெஞ்சும் படித்து வேலையும் எடுத்துவிட வேண்டுமாம்

சம்பளச் சிட்டையில் மாதாமாதம் காசை வெட்டும்போது ஒருவரும் என்னிடம், "பிள்ளை, நாளைக்குக் கலியாணம் முடித்து எந்த நாட்டுக்குப் போகப் போகிறாய்?" என்று கேட்கவில்லை. பேசாமல் வெட்டினார்கள். ஜேர்மனியில் வேலையில்லாக் காப்புறுதிக்கு 2018 வரைக்கும் மொத்தச் சம்பளத்தில் 3 சதவீதம். 2023 இலிருந்து 2.6 சதவீதம். பாதி நாங்கள், பாதி முதலாளி. பல் வைத்தியரிடம் உதவியாளராக நிற்கிறவளுக்கு என்ன பெரிய சம்பளம்? 2,600 யூரோ என்றால் என் பங்கு 33 யூரோ 80 சதம். சின்னக் காசுதான். ஆனால் படிப்பு முடித்த நாளிலிருந்து ஒரு மாதம் விடாமல் கட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட அதிலிருந்து ஒரு சதம் எடுத்ததில்லை.

இப்போது முதல்தரம் எடுக்க வேண்டி வந்தது. காரணம், கலியாணம். இவர், என் கணவர், பிரான்சில் பரிஸ் நகரத்தில் இருக்கிறார். நிரந்தர வேலை, ஜேர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, மாமியும் கூடவே. யார் இடம் மாறுவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. யார் மாறினார் என்று நான் சொல்லத் தேவையில்லை. டோட்முண்டில் பிறந்து வளர்ந்த எனக்குப் பிரெஞ்சில் தெரிந்தது கடையில் பாண் வாங்குகிற அளவுதான்.

சரி, விதி என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 இலக்க ஒழுங்குவிதி, 64 ஆவது பிரிவு. வேலையில்லாக் காசை இன்னொரு உறுப்பு நாட்டுக்கு எடுத்துப் போகலாம். மூன்று மாதத்துக்கு. ஜேர்மன் வேலைவாய்ப்புக் கந்தோர் மனம் வைத்தால் ஆறு மாதம் வரைக்கும் நீட்டலாம். அதற்கு யு2 என்ற படிவத்தை வெளிக்கிடுமுன் வாங்க வேண்டும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் வேலையை விடுகிற கதை. ஜேர்மனியில் நீங்களாக வேலையை விட்டால் 12 வாரம் தடைக்காலம், காசு கிடையாது. ஆனால் கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழப் போவது ஏற்கத்தக்க காரணம், அதைக் காட்டினால் தடை இல்லை. நல்லது. கலியாண எழுத்து முடித்த சான்றிதழைக் கொடுத்தேன். இவருடைய வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். "ஏன் அவர் இங்கே வரக் கூடாது?" என்று கேட்டதற்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அதாவது நான் பரிசுக்குக் குடும்பம் நடத்தப் போகிறேன், சுற்றுலாப் போகவில்லை என்பது அந்தக் கந்தோரின் கோப்பிலேயே எழுத்தில் இருக்கிறது. இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்திருங்கள்.

அடுத்தது நாலு வாரம். வேலை போன பிறகு குறைந்தது நாலு வாரம் ஜேர்மனியிலேயே வேலை தேடுகிறவளாகப் பதிந்து, கூப்பிட்டால் வரத் தயாராக நிற்க வேண்டும். முந்தியே போக விடுகிற அதிகாரம் கந்தோருக்கு இருக்கிறது, விதியிலேயே இருக்கிறது. கேட்டேன். முடியாது என்றார்கள். வீட்டுச் சாவியை மாதக் கடைசியில் கொடுத்தாயிற்று, சாமான் எல்லாம் பரிசுக்குப் போய்விட்டது, நான் மட்டும் அம்மா வீட்டு இருக்கையறையில் சோபாவில் படுத்துக்கொண்டு டோட்முண்டில் வேலை தேடுகிறேன். எடுக்கவே முடியாத வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டேன். போகோமில் ஒரு பல் வைத்தியர் நேரில் வரச் சொல்லிவிட்டார், அந்த மனிதனின் நேரத்தையும் வீணாக்கினேன். அவருக்கு உண்மையைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கே. புதிதாகக் கலியாணம் முடித்தவள் நாலு வாரம் தாய் வீட்டில் இருந்தால் சொந்தக்காரர் என்னென்ன கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதை எழுதப் போனால் இந்தப் பதிவு முடியாது.

நாலு வாரம் முடிந்தது, யு2 கைக்கு வந்தது. இப்போது ஏழு நாள் கணக்கு. ஜேர்மனியில் பதிவு நின்ற நாளிலிருந்து ஏழு நாளுக்குள் பிரான்சில் போய்ப் பதிய வேண்டும். பிந்தினால் பதிந்த நாளிலிருந்துதான் காசு. மூன்று மாதக் கணக்கோ வெளிக்கிட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அவர்கள் பிந்தினாலும் எனக்குத்தான் நட்டம், நான் பிந்தினாலும் எனக்குத்தான் நட்டம்.

அங்கே பதிவு இணையத்தில். இணையம் கேட்கிறது, சமூகப் பாதுகாப்பு இலக்கம். 13 இலக்கமும், பிறகு இரண்டு இலக்கச் சாவியும். நேற்று வந்தவளிடம் அது எப்படி இருக்கும்? அது கிடைக்க மாதக்கணக்காகும் என்று பரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் தேத்தண்ணிக் கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இலக்கம் இல்லாவிட்டால் பிரெஞ்சு வேலைவாய்ப்புக் கந்தோருக்கு நேரில் போ. நேரில் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் யு2 என்ற ஒன்றை வாழ்நாளில் கண்டதில்லை. தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஜேர்மன் மொழியில் இருக்கிறது, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

இங்கேதான் எனக்கு விசர் வந்தது. அதே 883/2004 விதியின் 76 ஆவது பிரிவில் தெளிவாக இருக்கிறது: இன்னொரு உறுப்பு நாட்டின் அரச மொழியில் இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு கந்தோரும் விண்ணப்பத்தையோ பத்திரத்தையோ மறுக்கக் கூடாது. போதாததற்கு அந்தப் படிவம் எல்லா நாட்டிலும் ஒரே அமைப்பு, ஒரே இலக்கப் பெட்டிகள். பிரெஞ்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்தால் குழந்தையும் நிரப்பும். அந்தப் பிரிவைப் பிரெஞ்சிலேயே அச்சடித்துக்கொண்டு மறுபடி போனேன். வேறொருவர் இருந்தார். வாசித்தார், தலையாட்டினார், "சரிதான் மடாம், ஆனால் கணினி விடாது" என்றார். அடுத்த அறையிலிருந்து ஒரு வயதான அம்மா வந்து, பழைய காலத்துப் படிவம் ஒன்று இதே மாதிரி இருந்தது என்று ஞாபகப்படுத்தி, இரண்டு நிமிடத்தில் பதிந்து தந்தார். 2010 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிற விதியை 2010க்கு முந்திய விதி தெரிந்த ஒருவர் வந்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவர் ஓய்வுக்குப் போனால் பிறகு வருகிறவர்களின் கதி என்னவோ.

பதிந்தால் காசு வரும் என்று நினைக்கிறீர்களா? காசை ஜேர்மனிதான் போடும். அதற்கு, இவள் இங்கே பதிந்துவிட்டாள் என்று பிரான்ஸ் ஜேர்மனிக்கு அறிவிக்க வேண்டும். உடனே அறிவிக்க வேண்டும் என்று நடைமுறை விதியில் இருக்கிறது. இதற்கென்றே நாடுகளுக்கு நடுவில் மின்னணுத் தொடர்பு முறையும் வைத்திருக்கிறார்கள். டோட்முண்டுக்கு எடுத்தால் "பிரான்சிலிருந்து ஒன்றும் வரவில்லை". பரிசில் கேட்டால் "நாங்கள் அனுப்பியாச்சு". எப்போது, எந்த இலக்கத்தில் என்று கேட்டால் அது உள்விடயமாம். நானே பதிவுச் சான்றைப் படம் பிடித்து அனுப்பினால் அது செல்லாது, கந்தோரிலிருந்து கந்தோருக்குத்தான் வர வேண்டும். கடைசியில் அந்தத் தாள் வந்து சேர்ந்தபோது மூன்று மாதத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பழைய காசு ஒரேயடியாக வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரைக்கும் இவர்தான் எல்லாம் பார்த்தார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத மாமியின் வீட்டில் கையில் காசில்லாமல் இருந்து பார்த்தால் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆளாளுக்கு ஆலோசனை. "ஏன் ஜேர்மன்காரனோடு மல்லுக்கட்டுகிறாய், இங்கேயே சோமாஜ், அதுதான் பிரெஞ்சு வேலையில்லாக் காசு, எடு." ஐயா, எடுக்க முடிந்தால் எடுத்திருக்க மாட்டேனா? ஜேர்மனியில் கட்டிய காலத்தை யு1 படிவத்தில் வாங்கிப் பிரான்சில் காட்டலாம், உண்மைதான். ஆனால் கடைசியாக வேலை செய்தது பிரான்சாக இருக்க வேண்டும். அதாவது இங்கே முதலில் வேலை எடுத்து, அதை இழந்தால்தான் பழைய காலத்தைக் கணக்கில் சேர்ப்பார்கள். வேலை இல்லாதவளுக்குக் காசு வேண்டுமென்றால் முதலில் வேலை வேண்டும்! இதில் வேடிக்கை, பிரான்சிலும் கணவனோடு போவதற்காக வேலையை விடுவது நியாயமான காரணம் என்று ஏற்கிறார்கள். இரண்டு நாடும் குடும்பத்தை மதிக்கின்றன. எல்லையைக் கடக்காத குடும்பத்தை.

வேலை எடுப்பது பற்றியும் சொல்கிறேன். பிரான்சில் பல் வைத்திய உதவியாளர் வேலை சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட தொழில். என் ஜேர்மன் சான்றிதழை அங்கீகரிக்க விண்ணப்பிக்க வேண்டும். தொழில் தகுதிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/36 நெறிமுறையில் அதற்கும் தவணை போட்டிருக்கிறது. எவ்வளவு தெரியுமா? முழுமையான கோப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். வேண்டுமானால் இன்னொரு மாதம் நீட்டலாம். என் தாளைப் படித்துப் பார்க்க அவர்களுக்கு மூன்று, நாலு மாதம் வேண்டும். எனக்கு மொழி படித்து, வீடு பழகி, அந்தத் தாளும் கைக்கு வந்து, வேலையும் எடுத்து முடிக்க மூன்று மாதம். இதை எழுதியவர்கள் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் கதைப்பதில்லையா?

விதியை எழுதியவரின் மனதில் இருந்த ஆள் நான் இல்லை. ஒற்றைப் பெட்டியோடு போய், மூன்று மாதம் வேலை தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற தனி ஆள். "தவணை முடியுமுன் திரும்பி வந்து பதிந்தால் மிச்சக் காசைத் தொடர்ந்து பெறலாம்" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்கே திரும்புவது? கணவனை விட்டுவிட்டு அம்மாவின் சோபாவுக்கா? பிந்தி வந்தால், அந்த நாட்டுச் சட்டம் தாராளமாக இருந்தாலொழிய, மிச்சமும் போய்விடும் என்கிறது ஒழுங்குவிதி. இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிய என் வயதுக்காரிக்கு ஜேர்மனிக்குள் இருந்தால் பன்னிரண்டு மாதக் காசு, கடைசிக் கைச்சம்பளத்தில் 60 சதவீதம். எல்லையைத் தாண்டியதும் அது மூன்று மாதமாகச் சுருங்குகிறது. நான் கட்டிய காசில் ஒரு பகுதியாவது எல்லையில் சுருங்கியதா? ஞாபகம் வைக்கச் சொன்னேனே, குடும்பம் நடத்தப் போகிறாள் என்று ஒப்புக்கொண்ட அதே கந்தோர்தான் இதையும் எழுதுகிறது.

என் பாடு பரவாயில்லை என்று சொல்ல வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கனடாவுக்குக் கலியாணம் முடித்துப் போன மச்சாளுக்கு மூன்று மாதமும் இல்லை, மூன்று நாளும் இல்லை. ஓய்வூதியத்துக்கு ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, வேலையில்லாக் காசுக்கு இல்லை. லண்டனுக்குப் போகிறவர்களுக்கும், பிரித்தானியா வெளியேறியதன் பிறகு, இதே கதைதான். எங்கள் ஆட்கள் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், லண்டன், கனடா என்று சிதறித்தான் இருக்கிறோம். சம்பந்தம் பேசும்போது சாதகம் பார்க்கிறார்கள், படிப்புப் பார்க்கிறார்கள், இதையும் ஒருக்கால் பார்த்தால் நல்லது.

அம்மா சொன்னதுதான் உச்சம். "ஊரில் பெண்பிள்ளை கலியாணத்துக்காக வேலையை விட்டால் சேமலாப நிதியை எடுக்கலாமடி, இங்கே என்ன இப்படி?" உண்மை. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியில், கலியாணம் என்று வேலையை விடுகிற பெண் ஐம்பது வயது வரைக்கும் காத்திருக்காமல் தன் பணத்தை எடுக்கலாம். அது சேமிப்பு, இது காப்புறுதி, இரண்டும் வேறு என்பது எனக்கும் தெரியும். அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

ஒன்றும் தெரியாமல் இப்படி விட்டிருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழுவே, மூன்று மாதம் போதாது, குறைந்தது ஆறு மாதமாக்குவோம் என்று முன்மொழிந்தது. 2019 இல் பேசித் தீர்த்த உடன்பாட்டை உறுப்பு நாடுகள் ஏற்கவில்லை. 2021 கடைசியில் இன்னொன்று, அதுவும் போனது. அவர்களுக்கு ஏழு நாள் தவணை யாரும் கொடுப்பதில்லை.

நான் மூன்று மாத நீட்டிப்புக் கேட்டு எழுதினேன். சான்றிதழ் அங்கீகாரத்துக்குப் போட்ட விண்ணப்பம், மொழி வகுப்புப் பதிவு, வேலைக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் இணைத்தேன். போன கிழமை பதில் வந்தது. "பிரான்சில் உங்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு போதியளவு காட்டப்படவில்லை." போகோமில் எடுக்க முடியாத வேலைக்கு விண்ணப்பம் போட வைத்தவர்கள் எழுதுகிறார்கள் இதை. எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு மாதம் தந்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று பக்கம் தாண்டிவிட்டது, இன்னும் 76 ஆவது பிரிவுக்கே வரவில்லை. ஜேர்மன் மொழியில்தான் எழுதுகிறேன், மொழிபெயர்ப்பு வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.