சைஸ் மட்டும் பார்த்தா போதுமாங்க?

எஸ்யூவிக்கு நாலு டயர் மாத்தணும். அவ்வளவுதான் விஷயம். மூணு வாரமா மண்டை காயுது.

பழைய டயரோட பக்கவாட்டுல 265/65 ஆர்17 112எஸ்னு எழுதியிருக்கு. அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். இதுவரைக்கும் எல்லாக் கடையிலயும் பார்க்கறாங்க. அதுக்கு அடுத்து நிக்கிற 112-ஐ யாருமே கண்டுக்கறதில்ல! ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற எண் அதுதான்: 1,120 கிலோ. "சைஸ் ஒண்ணுதான் சார், போட்டுக்கோங்க"ன்னு 109 போட்ட டயரை எடுத்து நீட்டறாங்க. அது 1,030 கிலோதான் தாங்கும். வண்டியே ரெண்டு டன்னுக்கு மேல. அதுல ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏத்திக்கிட்டு ராத்திரி நெடுஞ்சாலையில போறவன் நான். ஒவ்வொரு டயர்லயும் 90 கிலோ குறையறது எனக்குச் சின்ன விஷயமே இல்ல.

அடுத்த தொல்லை ஆல் டெரெய்ன், அதாவது மண்ணு, கல்லு ரோட்டுக்கும் சேர்த்துச் செஞ்ச டயர். கடைக்காரங்க அதையே தள்ளப் பார்க்கறாங்க. பார்க்க கம்பீரம்தான், ஒத்துக்கறேன். ஆனா என் ஓட்டம் முழுக்க தார்ரோடு. இரைச்சலும் டீசல் செலவும் கூடறதுதான் மிச்சம். ஹைவே டயர் குடுங்கன்னா, இந்த வண்டிக்கு அதெல்லாம் எடுப்பா இருக்காதாம்.

இன்னொருத்தர் ரெண்டு மட்டும் மாத்தச் சொன்னார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிங்க இது! புதுசும் தேஞ்சதும் ஒரே சுற்றளவுல இருக்காது, கியர் அமைப்புதான் அடி வாங்கும்.

ஒருவழியா சரியான டயர் கிடைச்சுது. தயாரிப்புத் தேதியைப் பார்த்தா 1819. அதாவது 2019-ஆம் வருஷம், 18-வது வாரம். கோடவுன்ல வருஷக்கணக்கா கிடந்த ரப்பருக்குப் புது டயர் விலை கேட்கறாங்க. வேண்டாம்னு திரும்பி வந்துட்டேன்.