ஒப்புதல் கிடைத்த பிறகும் தீர்ப்பு குறுக்கிடும்

வீட்டுக் கடனுக்குக் கொள்கையளவில், அதாவது இறுதி முடிவுக்கு முந்தைய நிலையில், ஒப்புதல் கிடைத்துவிட்டால் அதன்பின் பதிவாகும் கடன் தீர்ப்பை (பாக்கியைச் செலுத்துமாறு நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பை) பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் வழங்குவோர் பணத்தை விடுவிக்கும் முன் கடன் வரலாற்றை மீண்டும் ஒருமுறை பார்ப்பதுண்டு. அப்போது இத்தகைய கவுண்டி நீதிமன்றத் (அங்குள்ள உரிமையியல் நீதிமன்றத்) தீர்ப்பு புதிதாகத் தென்பட்டால், கொடுத்த ஒப்புதலையே திரும்பப் பெறக்கூடும்.

என் தம்பிக்கு அதுதான் நேர்ந்தது. வாகன நிறுத்தக் கட்டணம் தொடர்பான வழக்குப் படிவம் அவன் காலி செய்திருந்த பழைய முகவரிக்குப் போய்விட்டதால், தீர்ப்பு வந்த செய்தியையே வீட்டுக் கடனை ஏற்பாடு செய்யும் அடமானத் தரகர் தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தான். அந்த மாலை அவன் முகம் இருண்டு போனதை நான் மறக்கவில்லை.

தீர்ப்பு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் செலுத்தி அதற்கான சான்றை நீதிமன்றத்துக்கு அனுப்பினால் இத்தகைய தீர்ப்புகளின் பொதுப் பதிவேட்டிலிருந்து அது நீக்கப்படும். தாமதித்துச் செலுத்தினால், கடன் தீர்க்கப்பட்டது என்ற குறிப்போடு தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டுகள் அங்கேயே நிற்கும். வழக்குத் தாள்கள் கைக்கு வரவேயில்லை என்றால், தீர்ப்பை ரத்துசெய்யக் கோரி உடனடியாக விண்ணப்பிப்பதும், கடன் வழங்குபவர் தாமாகக் கண்டுபிடிக்கும் முன் தரகரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதும் மிக அவசியம்.