இம்பர்: பெயர் போருக்கு முந்தையது

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஆளில்லாமல் கிடக்கும் இம்பர் கிராமத்தை ராணுவம் எரித்ததால், 'தணல்' (ஆங்கிலத்தில் 'எம்பர்') என்ற பொருளில் அந்தப் பெயர் வந்ததாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஒலி ஒத்துப்போவதால் அப்படித் தோன்றுவது சகஜம்தான். ஆனால் பெயர் இரண்டாம் உலகப் போரைவிட மிகப் பழையது. 1086இல் எழுதப்பட்ட, இங்கிலாந்தின் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவேட்டில் இந்த ஊர் 'இமெமெரி' என்று இருக்கிறது. இம்மா என்பவரின் குளம் என்பதே ஊர்ப்பெயர் அகராதிகள் தரும் பொருள். ஊர் மக்களை அமெரிக்கப் படைகளின் பயிற்சிக்காக வெளியேற்றியது 1943 டிசம்பரில்தான்.

சந்தேகம் இருந்தால், 'ஓப்பன் டூம்ஸ்டே' இணையதளத்துக்குப் போய் இம்பர் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். இலவசம்தான். மூல ஏட்டின் படமே வரும், லத்தீன் கையெழுத்துதான் கொஞ்சம் படுத்தும்.